லைன் வந்துவிட்டது, வெப்சைட் வரவில்லையே?

கணினிக் கேள்வி – பதில்

குமரி மாவட்டத்தில் மழை தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகள் பலவும் ஒரே பிரச்சினையைப் பற்றியவை. அறுந்த இணைப்பு திரும்பிய பிறகும் டொமைன் பெயரைப் போட்டால் சைட் திறப்பதில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் சர்வரின் ஐபி முகவரியைச் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். அதனால் இந்த இதழில் அவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் தேன் விற்பனை வெப்சைட் அலுவலகத்தில் உள்ள சர்வரிலேயே ஓடுகிறது. மரம் விழுந்து ஃபைபர் அறுந்ததால் இரண்டு நாள் லைன் இல்லை. சரிசெய்ய வந்தவர் ரூட்டரையும் மாற்றிவிட்டுப் போனார். ஐபி முகவரியும் மாறிவிட்டது. புது முகவரியை நேற்றே டிஎன்எஸ்ஸில் போட்டுவிட்டோம். இங்கே சிலருக்குத் திறக்கிறது, சென்னை வாடிக்கையாளர்களுக்குத் திறக்கவில்லை. "உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும்" என்கிறார்கள். காத்திருப்பதைத் தவிர வழியில்லையா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: காத்திருக்கும் முன் பத்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். உங்கள் சிக்கல் டிஎன்எஸ்ஸில் இல்லாமலும் இருக்கலாம்.

"பரவுதல்" என்ற சொல்தான் பலரையும் குழப்புகிறது. டிஎன்எஸ்ஸில் எதுவும் ஊர் ஊராகப் பரவிப் போவதில்லை. தோவாளைச் சந்தைக்குக் காலையில் வந்து பிச்சிப்பூ விலை கேட்டுப் போனவர், ஊரில் யார் கேட்டாலும் அந்த விலையைத்தான் சொல்வார். நடுவில் விலை மாறினால் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல ஆள் கிடையாது. அவராக மறுபடி வந்து கேட்டால்தான் தெரியும். இணைய நிறுவனங்கள் வைத்திருக்கும், நமக்காக முகவரி கேட்டுச் சொல்லும் ரிசால்வர்களும் அப்படித்தான். உங்கள் டொமைனின் முகவரிகளை எழுதிவைத்திருக்கும் நேம்சர்வரிடம் ஒருமுறை கேட்ட முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு விதித்த ஆயுள் முடியும்வரை அதையே சொல்லும். அந்த ஆயுள்தான் டிடிஎல். நொடிக் கணக்கில் இருக்கும். பல ஹோஸ்டிங் பேனல்களில் 14400 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நான்கு மணி நேரம். நீங்கள் காலை 10 மணிக்கு முகவரியை மாற்றினால், 9.50க்குக் கேட்டுவைத்த ரிசால்வர் பிற்பகல் 1.50 வரை பழையதைச் சொல்லும். 9.50க்கு யாருமே கேட்காத ரிசால்வர் 10.01க்கே புதியதைச் சொல்லும். மாற்றிய முதல் சில மணி நேரம் சிலருக்குத் திறந்து சிலருக்குத் திறக்காமல் போவது இதனால்தான். ஊரின் தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

48 மணி நேரக் கணக்கும் காரணமில்லாமல் வந்ததல்ல. டாட் காம் பெயர்களுக்கு, "இந்த டொமைனின் நேம்சர்வர்கள் இவை" என்று மேலிருந்து வரும் பதிலின் டிடிஎல் 172800 நொடி, அதாவது இரண்டு நாள். நேம்சர்வரையே மாற்றினால் அந்தக் கணக்கு பொருந்தும். நீங்கள் மாற்றியது, பெயருக்கான ஐபி முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டு மட்டும். அதற்கு அந்த ரெக்கார்டின் பழைய டிடிஎல்தான் கணக்கு. நேற்று மாற்றியது இன்றும் வரவில்லை என்றால் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது. அதை இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் ரூட்டர். புது ரூட்டர் என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். பழைய ரூட்டரில், வெப்சைட் கேட்டு வருபவர்கள் நுழையும் வாசல்களான 80, 443 போர்ட்டுகளைச் சர்வருக்குத் திருப்பிவிட்ட விதிகள் புதியதில் இருக்காது. அவற்றை மறுபடி எழுத வேண்டும். சர்வரின் உள் முகவரியும் மாறியிருக்கலாம். முன்பு 192.168.1.10 ஆக இருந்தது இப்போது 192.168.1.4 ஆகியிருந்தால், போர்ட்டைத் திருப்பிவிட்டாலும் போய்ச்சேராது. சர்வருக்கு உள் முகவரியை நிலையாகக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் முகவரி (இணையப் பக்கத்து வெளி முகவரி) என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் உங்களுக்குத் தனிப் பொது முகவரியே கொடுக்கப்படவில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வரை எட்ட முடியாது. டிஎன்எஸ்ஸில் எதைப் போட்டாலும் பலன் இல்லை. இணைப்பு கொடுப்பவரிடம் நிலையான பொது ஐபி கேட்டு வாங்குவதுதான் வழி.

முகவரி சரிதான் என்றால், மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், பிரவுசரில் அந்த ஐபி எண்ணை முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்து அடியுங்கள். சான்றிதழ் பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் அது நல்ல அறிகுறி. சர்வர் வெளியிலிருந்து எட்டுகிறது. சுற்றிக்கொண்டே இருந்து நேரம் முடிந்துவிட்டது என்று வந்தால், நீங்கள் டிஎன்எஸ் பக்கமே போக வேண்டாம், ரூட்டருக்குத் திரும்புங்கள்.

இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் டிஎன்எஸ். விண்டோஸ் கமாண்ட் சாளரத்தில் என்எஸ்லுக்கப் என்று அடித்து, இடைவெளி விட்டு டொமைன் பெயர், மறுபடி இடைவெளி விட்டு உங்கள் நேம்சர்வரின் பெயர். இப்படிக் கேட்டால் நடுவில் உள்ள ரிசால்வர்களை விட்டு மூலத்திடமே கேட்டதாகும். அங்கே பழைய முகவரி வந்தால் நீங்கள் தவறான இடத்தில் மாற்றியிருக்கிறீர்கள். டொமைன் வாங்கிய இடத்துப் பேனலிலும் ரெக்கார்டு எழுதலாம், ஹோஸ்டிங் பேனலிலும் எழுதலாம். ஆனால் டொமைன் எந்த நேம்சர்வரைக் காட்டுகிறதோ, அங்கே எழுதியது மட்டும்தான் செல்லும். மற்றதில் எத்தனை நாள் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. நான்கு நாள் காத்திருந்து வீணாக்கியவர்கள் பலருடைய தவறு இதுதான்.

மூலத்தில் சரியாக இருந்தால், நேம்சர்வரின் பெயர் இருந்த இடத்தில் கூகுள் ரிசால்வரான 8.8.8.8, அடுத்து கிளவுட்ஃபிளேர் ரிசால்வரான 1.1.1.1 என்று போட்டுக் கேளுங்கள். லினக்ஸில் டிக் கட்டளை இன்னும் தெளிவாகச் சொல்லும். பதில் வரியில் பெயருக்கு அடுத்து வரும் எண் மிச்சமுள்ள டிடிஎல். திரும்பத் திரும்பக் கேட்டால் அது குறைந்துகொண்டே வரும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டாம், அந்த எண்ணே சொல்லிவிடும். கூகுள், கிளவுட்ஃபிளேர் இரண்டுமே தங்கள் பொது ரிசால்வரில் ஒரு பெயருக்குக் குறித்து வைத்த பதிலை அழிக்கப் பொதுமக்களுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. அங்கே டொமைன் பெயரைக் கொடுத்து ஏ ரெக்கார்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த இரண்டிலும் உடனே புதியது வந்துவிடும். கடைசியாக உங்கள் சொந்தக் கணினி. விண்டோஸில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஃப்ளஷ்டிஎன்எஸ். பிரவுசரையும் மூடித் திறங்கள். அது தனியாகவும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறோம். காத்திருக்கும் நேரத்தில் ரெக்கார்டை அழித்து மறுபடி எழுதாதீர்கள். அழித்த அந்த இடைவேளையில் யாராவது கேட்டால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பதில் போகும். அந்த இல்லை என்ற பதிலையும் ரிசால்வர் குறித்து வைத்துக்கொள்ளும். இல்லாத சிக்கலை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

கேள்வி: சிறிய அளவில் ஹோஸ்டிங் செய்கிறேன். நேம்சர்வர் மென்பொருளான பைண்ட் போட்டு இரண்டு நேம்சர்வர்களையும் ஒரே சர்வரில், இரண்டு ஐபியில் வைத்திருக்கிறேன். கரண்டும் லைனும் சேர்ந்து ஆறு மணி நேரம் போய்த் திரும்பின. சர்வருக்குள் கேட்டால் பெயர்கள் சரியாக வருகின்றன. வெளியிலிருந்து கேட்டால் பதிலே இல்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உள்ளே வருகிறது, வெளியே வரவில்லை என்பதிலிருந்தே பெரும்பாலும் பிடித்துவிடலாம். கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்துவிட்டது. நெட்வொர்க் எழ இன்னும் நேரம் பிடித்தது. நெட்வொர்க் இல்லாத வேளையில் தொடங்கிய பைண்டுக்கு, சர்வர் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் 127.0.0.1 முகவரி மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். அது புதிய முகவரி வந்திருக்கிறதா என்று பல அமைப்புகளில் 60 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தேடும். டிஎன்எஸ் கேள்விகள் வரும் 53ஆம் போர்ட்டில் எந்தெந்த முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பொது முகவரி பட்டியலில் இல்லையென்றால் பைண்டை மறுபடி தொடங்கினால் போதும். அடுத்த முறை இது நடக்காமல் இருக்க, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அமைப்பில் நெட்வொர்க் ஆன்லைன் நிலைக்குப் பிறகே பைண்ட் தொடங்கும்படி எழுதி வையுங்கள். இதே காரணத்தால் வெப்சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸும் மடங்கிவிடும். அமைப்பில் எழுதிய ஒரு பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால் அது தொடங்கவே மறுக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

முகவரி பட்டியலில் இருந்தும் வரவில்லை என்றால் ஃபயர்வாலில் 53க்கு யுடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளும் திறந்திருக்கின்றனவா? பலர் யுடிபியை மட்டும் திறப்பார்கள். பெரிய பதில்களும், இரண்டாம் நேம்சர்வருக்கு முழு மண்டலத்தையும் (டொமைனின் எல்லா ரெக்கார்டுகளையும்) அனுப்புவதும் டிசிபியில்தான் நடக்கும்.

நேம்சர்வர் எட்டாமல் போன நேரத்தில் ரிசால்வர்கள் "செர்வ்ஃபெயில்" என்ற தோல்விப் பதிலைத்தான் தரும். அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே உங்கள் நேம்சர்வர் வெளியே பதில் சொல்லத் தொடங்கியதும், அழிக்கவும் மாற்றவும் எதுவுமில்லாமல் சில நிமிடங்களில் எல்லாம் தானாகவே நேராகிவிடும்.

ஆனால் உங்கள் அமைப்பே மாற வேண்டும். இரண்டு பெயர், இரண்டு ஐபி, ஒரே பெட்டி, ஒரே ஃபைபர் என்றால் அது ஒரே நேம்சர்வர்தான். இரண்டாவதை வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில் வைக்க வேண்டும் என்று 1997இலேயே ஆர்எஃப்சி 2182 என்ற இணைய விதிமுறை ஆவணம் எழுதிவைத்திருக்கிறது. எவ்வளவு பெரியவர்களுக்கும் இது பொருந்தும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் நின்றதே, அன்று அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள் கெட்டுப்போகவில்லை. உள் நெட்வொர்க் அறுந்ததும், தங்களை அடையும் பாதையை அவையே இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. பெயர் கேட்டு வந்தவர்களுக்கு வழியே இல்லாமல் போனது.

இரண்டாவதை வெளியே வைத்த பிறகு மண்டலத்தின் தலைப்பில் இருக்கும் எஸ்ஓஏ ரெக்கார்டில் உள்ள எண்களைக் கவனியுங்கள். அவை நொடிக் கணக்கு. ரெஃப்ரெஷ் 7200, ரீட்ரை 1800, எக்ஸ்பயர் 1209600, மினிமம் 900 என்று வைப்பது உங்கள் அளவுக்குப் பொருந்தும். இவற்றில் எக்ஸ்பயர்தான் மிக முக்கியம். முதன்மைச் சர்வர் அத்தனை நொடி எட்டாமல் இருந்தால் இரண்டாவது "என்னிடம் இருப்பது பழையது" என்று பதில் சொல்வதையே நிறுத்திவிடும். 1209600 என்பது இரண்டு வாரம். இதை 86400 என்று ஒரு நாளாக வைத்தவர்களுக்கு, புயல் வந்தால் இரண்டாவது நேம்சர்வரால் பயனில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் இந்த மாவட்டத்தில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, எத்தனையோ ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லாமல் இருந்ததை நினைவில் வைத்து இந்த எண்ணை எழுதுங்கள்.

அதே ரெக்கார்டில் மண்டலத்தின் பதிப்பைக் காட்டும் சீரியல் எண்ணும் அப்படித்தான். மண்டலத்தில் எதை மாற்றினாலும் அந்த எண்ணைக் கூட்டாவிட்டால் இரண்டாவது சர்வர் புதியதை எடுத்துக்கொள்ளாது. பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்தால் சீரியல் பின்னோக்கிப் போய்விடும். அப்போதும் இதே கதை. ஆண்டு, மாதம், நாள், அன்றைய வரிசை எண் என்று பத்து இலக்கத்தில் எழுதும் பழக்கம் நல்லது.

இன்னும் ஒன்று. உங்கள் நேம்சர்வரின் பெயர் உங்கள் டொமைனுக்குள்ளேயே இருந்தால், அதன் ஐபி டொமைனைப் பதிவுசெய்து கொடுத்த ரெஜிஸ்ட்ராரிடமும் பதிவாகியிருக்கும். அதைக் க்ளூ ரெக்கார்டு என்பார்கள். லைன் மாறி ஐபி மாறினால் மண்டலக் கோப்பில் மட்டும் மாற்றிப் பயனில்லை. அங்கேயும் மாற்ற வேண்டும். டாட் காம் என்றால் முன்பு சொன்ன இரண்டு நாள் கணக்கு உண்மையிலேயே இங்கேதான் வரும்.

கேள்வி: லைன் மாறிய பிறகு எங்கள் கருவாட்டுக் கடை சைட் பிராட்பேண்டில் உடனே திறக்கிறது. மொபைல் டேட்டாவில் சிலருக்கு மட்டும் நெடுநேரம் சுற்றுகிறது, அல்லது திறப்பதே இல்லை. ஏ ரெக்கார்டை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன்.
– வாசகி, குளச்சல்

பதில்: ஏ ரெக்கார்டை விடுங்கள். ஏஏஏஏ என்று நான்கு ஏ சேர்ந்த ஒரு ரெக்கார்டு இருக்கிறதா பாருங்கள். அது ஐபிவி6 என்ற புதிய வகை நீளமான முகவரிக்கானது. ஏ ரெக்கார்டு பழைய வகையான ஐபிவி4க்கானது. பழைய லைனில் ஐபிவி6 இருந்து, அப்போது எழுதிய முகவரி இன்னும் அங்கேயே கிடக்கும். ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6ஐப் பரவலாகப் பயன்படுத்துவதால், அந்தப் போன்கள் முதலில் அந்தச் செத்த முகவரியைத் தட்டிப்பார்க்கும். பிரவுசர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து ஐபிவி4க்குத் தாவும். சில ஆப்கள் தாவாமலும் இருக்கலாம். புது லைனில் ஐபிவி6 இல்லையென்றால் அந்த ரெக்கார்டை நீக்குங்கள். இருந்தால் புதிய முகவரியை எழுதி, ஃபயர்வாலில் ஐபிவி6க்கும் 443ஐத் திறந்து வையுங்கள்.

கேள்வி: வெளியூரில் எல்லாருக்கும் சைட் திறக்கிறது. சர்வர் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் திறக்கவில்லை. டிஎன்எஸ் இங்கே மட்டும் வரவில்லையா?
– வாசகர், தக்கலை

பதில்: டிஎன்எஸ் வந்திருக்கிறது. உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரிக்குப் போய் மறுபடி உள்ளே திரும்பும் போக்குவரத்தை உங்கள் ரூட்டர் விடுவதில்லை. ரூட்டரில் நாட் லூப்பேக் அல்லது ஹேர்பின் நாட் என்ற வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் அலுவலகக் கணினிகளில், டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் பார்க்கப்படும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் உள் முகவரியையும் டொமைன் பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள். எழுதியதை நினைவில் வையுங்கள். லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போனால் அந்த வரியாலேயே சைட் திறக்காது.

கேள்வி: பூ ஏற்றுமதி ஆர்டர்கள் ஈமெயிலில் வருகின்றன. மெயில் சர்வரும் இங்கேதான். மூன்று நாள் லைன் இல்லாவிட்டால் அந்த மெயில்கள் போனதுதானா?
– வாசகர், தோவாளை

பதில்: பெரும்பாலும் போகாது. அனுப்புபவரின் சர்வர் உங்களுடையதை எட்ட முடியாவிட்டால் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டு முயலும். குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்பது மெயில் விதிமுறையின் பரிந்துரை. சிலர் அதைவிடச் சீக்கிரம் கைவிடுவதும் உண்டு. லைன் வந்து 25ஆம் போர்ட் திறந்ததும் தேங்கியவை சில மணி நேரத்தில் வந்து சேரும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. லைன் இல்லாத நேரத்தில் "எதற்கும் இருக்கட்டும்" என்று, மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டையோ மெயில் சர்வரின் ஏ ரெக்கார்டையோ அழித்தால், "எட்டவில்லை" என்பது "பெயரே இல்லை" என்று மாறிவிடலாம். அப்போது அனுப்புபவரின் சர்வர் காத்திருக்காது. உடனே மெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டாத முகவரியை அப்படியே விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு. ஐபி மாறியிருந்தால், உங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள முகவரிகளைச் சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டிலும் புதிய ஐபியைச் சேர்க்க மறக்காதீர்கள். பின்திசைப் பெயரான பிடிஆர் ரெக்கார்டை இணைப்பு கொடுப்பவர்தான் எழுத முடியும். கேட்டு எழுத வையுங்கள். இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் மெயில் உங்களுக்கு வரும், நீங்கள் அனுப்புவது அவர்களுடைய ஸ்பாம் பெட்டிக்குப் போகும்.

கேள்வி: சர்வரைப் பேக்கப்பிலிருந்து மீட்டேன். சில நெட்வொர்க்கில் திறக்கிறது, 8.8.8.8, 1.1.1.1 இரண்டும் செர்வ்ஃபெயில் என்கின்றன. டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தேன்.
– வாசகர், இரணியல்

பதில்: கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர்கள் மட்டும் மறுக்கின்றன என்பதே இதற்கு அடையாளம். உறுதிசெய்ய, டிக் கட்டளையில் கூட்டல் குறியுடன் சிடி என்று சேர்த்து அதே 8.8.8.8ஐக் கேளுங்கள். சரிபார்ப்பை விட்டுவிட்டுக் கேட்டால் முகவரி வருகிறதென்றால் கோளாறு கையொப்பத்தில்தான்.

முதலில் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். நெடுநேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியில் இட்ட கையொப்பம் செல்லாது. கடிகாரம் சரியென்றால், பேக்கப்பில் உள்ள சாவி பழையதாக இருந்து, உங்கள் சாவி எது என்று சொல்ல ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்த டிஎஸ் ரெக்கார்டு வேறு சாவியைக் காட்டலாம். சரியான சாவிக் கோப்பு வேறெங்காவது இருந்தால் அதைக் கொண்டுவந்து மறுபடி கையொப்பமிடுவதுதான் விரைவான வழி. இல்லையென்றால் ரெஜிஸ்ட்ராரிடம் டிஎஸ் ரெக்கார்டை நீக்குங்கள். டாட் காமில் அதன் டிடிஎல் 86400 நொடி என்பதால் ஒரு நாள் பொறுக்க வேண்டும். அதன் பிறகு புதிய சாவியில் கையொப்பமிட்டு, எல்லா நேம்சர்வரிலும் அது வந்ததைப் பார்த்துவிட்டு, கடைசியாகப் புதிய டிஎஸ்ஸைச் சேர்க்கவும். வரிசை மாறினால் சைட் மறுபடி இருட்டில் போகும்.

கேள்வி: கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெளியே ஒரு மாற்றுச் சர்வர் தயார் செய்துவிட்டோம். லைன் போனால் அதற்கு உடனே மாற டிடிஎல்லை எவ்வளவு வைக்கலாம்?
– வாசகர், கன்னியாகுமரி

பதில்: ஏ ரெக்கார்டுக்கும் ஏஏஏஏ ரெக்கார்டுக்கும் 300. ஆனால் இதை லைன் போன பிறகு குறைத்துப் பயனில்லை. இப்போது 14400 இருந்தால், 300 என்று மாற்றி நான்கு மணி நேரம் கழிந்த பிறகே அது எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வரும். அக்டோபர் பிறக்கும் முன் மாற்றி அப்படியே டிசம்பர் முடியும்வரை விடுங்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நேம்சர்வர் உங்கள் லாட்ஜில் இருக்கக் கூடாது. நேம்சர்வரும் அதே லைனில் இருந்து டிடிஎல் 300 என்றால், லைன் போன ஐந்தாவது நிமிடமே பெயர் மறைந்துவிடும். அதை மாற்ற நீங்கள் உள்ளே நுழையவும் முடியாது. ஆர்எஃப்சி 8767 என்ற 2020ஆம் ஆண்டு விதிப்படி, மூலம் எட்டாதபோது ஆயுள் முடிந்த பதிலையே கொஞ்ச காலம் கொடுக்கச் சில ரிசால்வர்கள் அமைக்கப்பட்டுள்ளன. எல்லாரும் அப்படி அமைப்பதில்லை, அதை நம்பித் திட்டமிட வேண்டாம். டிஎன்எஸ் பேனலின் பாஸ்வேர்டும் இருபடிச் சரிபார்ப்பும் லாட்ஜ் வைஃபை இல்லாமல் மொபைலிலேயே இயங்குகின்றனவா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

மாற்றுச் சர்வருக்கும் சான்றிதழ் முன்கூட்டியே வேண்டும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டில் வழக்கமான முறை 80ஆம் போர்ட்டில் வந்து சோதிப்பதால், டொமைன் இன்னும் பழைய முகவரியைக் காட்டும்போது மாற்றுச் சர்வரில் அது கிடைக்காது. டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி ரெக்கார்டு எழுதிச் சரிபார்க்கும் முறையில் முன்பே வாங்கி வையுங்கள். அவசரத்தில் திரும்பத் திரும்ப முயன்று தோற்றால் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து தோல்வி என்ற வரம்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

லாட்ஜ் லைன் திரும்பி வரும்போதுதான் அறை முன்பதிவில் பெரிய தவறு நடக்கும். முகவரியைப் பழைய சர்வருக்குத் திருப்பிய பிறகும் சிறிது நேரம் சிலர் மாற்றுச் சர்வருக்கே வருவார்கள். இரண்டிலும் முன்பதிவு நடந்தால் ஒரே அறை இருவருக்குப் போகும். அதனால் முதலில் மாற்றுச் சர்வரில் முன்பதிவை நிறுத்துங்கள். அங்குள்ள பதிவுகளை லாட்ஜ் சர்வருக்குக் கொண்டுவந்து சரிபாருங்கள். பிறகு முகவரியை மாற்றுங்கள். அதன்பின் மாற்றுச் சர்வரை மூடாமல், வருபவர்களை லாட்ஜ் சர்வருக்கே அனுப்பும் ப்ராக்ஸியாக ஒரு நாள் ஓட விடுங்கள். அதன் அணுகல் பதிவில் புதிய வரிகள் வருவது நின்ற பிறகு அணைக்கலாம்.